சின்ன ஷெட்டா, பெரிய கம்பெனியா?

ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் வேலைக்கு இரண்டு வழி. ஏழெட்டுப் பேர் உட்காரும் ஓலை ஷெட். இல்லையென்றால் ஏற்றுமதிக் கம்பெனி.

ஷெட்டில் கிலோவுக்குக் கூலி. சாயங்காலம் எடைபோட்டு, நண்டு நாற்றம் போகாத விரலாலேயே நோட்டை எண்ணி முந்தானையில் முடிந்துகொள்ளலாம். அவசரத்துக்கு முன்பணமும் கேட்கலாம். நண்டு வராத நாளில் காசும் வராது.

கம்பெனியில் மாதச் சம்பளம் 10,000 என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் போகக் கையில் 8,725. 'ஷெட்டே தேவலை' என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டுக்கும் சேர்த்து முதலாளி தன் பங்காக இன்னொரு 1,525 கட்டுகிறார். வருடத்துக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம். பி.எஃப்.புக்கும் போனஸுக்கும் குறைந்தது 20 பேர், இ.எஸ்.ஐ.க்குக் குறைந்தது 10 பேர் வேலை பார்க்க வேண்டும் என்பது சட்டக் கணக்கு. ஷெட் அதற்குள் வராது.

என்னைக் கேட்டால் கம்பெனிதான். ஆனால் கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தால், பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று பார்க்க முதல் மாதமே பி.எஃப். நம்பரைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.