கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: பக்கத்திலேயே பிரவுசரும் திறந்திருக்கட்டும்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற இந்தக் கணினி விளையாட்டை எட்டாவது படிக்கும் மகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப் யார் மடியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ராக்கெட்டை நாமே பாகம் பாகமாகக் கோத்து ஏவி, சுற்றுப்பாதையில் நிறுத்தி, அங்கிருந்து மன் என்ற நிலவுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். 2015ல் முழுப் பதிப்பு வந்த விளையாட்டு, ஆனால் இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை.

முதல் வாரம் இணையம் இல்லாமல் ஆடினோம். நேராக மேலே விடுவாள், எரிபொருள் தீரும், பொத்தென்று விழும். விளையாட்டில் பூமிக்குப் பதிலாக வரும் கெர்பின் என்ற குட்டிக் கிரகத்தில் 70 கிலோமீட்டர் தாண்டினால் காற்றே இல்லையே, அப்புறம் ஏன் விழுகிறது என்று அவளுக்கு ஒரே கோபம். யூடியூபில் ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார்: உயரம் போவது பெரிய விஷயமில்லை, கிளம்பியதுமே கிழக்கே மெல்லச் சாய்த்து, பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 2,280 மீட்டர் வேகம் பிடிக்க வேண்டும், அப்போதும் ராக்கெட் விழுந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கீழே தரை வளைந்து விலகிக்கொண்டே போகும். இதைப் பாடப்புத்தகத்தில் நானும் படித்தவன்தான், புரிந்தது நாற்பது வயதில்.

அடுத்தது டெல்டா-வி வரைபடம், ரசிகர்கள் போட்டு வைத்தது. எங்கே போக எவ்வளவு வேகமாற்றம் தேவை என்று ரயில் தடப் படம் போல இருக்கும். பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினோம். சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 3,400 மீட்டர், நிலவை நோக்கிக் கிளம்ப 860, அங்கே வேகம் குறைத்து நிலவைச் சுற்ற 310, இறங்க 580. பென்சிலால் கூட்டி 5,150 என்று வட்டம் போட்டாள், அதற்கேற்ற ராக்கெட் கட்டினாள், அழகாக இறங்கினாள். திரும்பி வரவும் எரிபொருள் வேண்டும் என்பது இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது!

சந்திரயான்-3 பற்றிய செய்திகளைத் தேடிப் படித்தாள். நிலவுக்கு ஏன் 40 நாள் ஆனது என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. விளையாட்டில் சின்ன எஞ்சின் ஒன்றை மாட்டி, கெர்பினுக்கு மிக அருகில் வரும்போது மட்டும் எரித்து எரித்துப் பாதையை நீட்டிக் காட்டினாள், சரி, புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. யாரோ கட்டிய ராக்கெட்டையும், ராக்கெட்டைத் தானாக ஓட்டும் மோடையும் (ரசிகர்கள் எழுதிய கூடுதல் நிரல்) முதலிலேயே இறக்கிக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் நிலவுக்குப் போனாள், பதினோராவது நிமிடம் எழுந்து போய்விட்டாள். நல்லவேளை, அழித்துவிட்டோம். நன்றாகக் கட்டத் தெரிந்த பிறகு அதே மோடுகள்தான் சுகம், நிஜச் சூரியக் குடும்பத்தின் அளவிலேயே ஆட வைக்கும் மோடுகூட இருக்கிறது.

தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். இரண்டாம் பாகம் பக்கம் போகவே வேண்டாம், 2023ல் அரைகுறையாக வந்து அடுத்த வருடமே வேலை நின்றுபோனது. முதல் பாகத்தைத் தள்ளுபடி வரும்போது வாங்குங்கள், அடிக்கடி வரும்.

நிலவில் மாட்டிய அந்தப் பச்சை நிற விண்வெளி வீரன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். மீட்பு ராக்கெட்டுக்குக் கணக்கு போட்டாகிவிட்டது, காலாண்டுத் தேர்வு முடிய வேண்டும்.