ஸ்விஃப்ட் நான்கு தலைமுறை: பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் ஏன் ஆடுகிறது, சரிசெய்தபின் மறுபடியும் ஏன் ஆடுகிறது

பழைய மாருதி ஸ்விஃப்ட் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த வருஷத்து வண்டி நல்லது?" என்றுதான். ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்பது வேறு: "90-இல் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, டிஸ்க் மாற்றியும் ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது." இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். வருஷத்தால் மாறுவது உதறல் எவ்வளவு சீக்கிரம் வரும், எவ்வளவு உறைக்கும் என்பது மட்டும். உதறல் பிறக்கும் இடம் நான்கு தலைமுறையிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்க் (பிரேக் தட்டு) உட்காரும் ஹப்பின் முகம், அதாவது சக்கரம் மாட்டும் சுழல் நடுப்பகுதியின் தட்டையான பரப்பு.

முதலில் வருஷக் கணக்கு. 2005 மே மாதம் வந்த முதல் தலைமுறையில் 1.3 லிட்டர் பெட்ரோல். 2007-இல் 75 குதிரைத்திறன் டீசல் சேர்ந்தது. 2010-இல் பெட்ரோல் 1.2 லிட்டராக மாறியது. 2011 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை, 2014 அக்டோபரில் அதற்கு முகமாற்றம். 2018 பிப்ரவரியில் மூன்றாவது, 2024 மே மாதத்தில் நான்காவது. இத்தனை மாற்றத்திலும் இந்தியச் சந்தை ஸ்விஃப்ட்டின் பிரேக் அமைப்பு மாறவில்லை. முன்னால் காற்றோட்ட டிஸ்க், பின்னால் டிரம்.

மாறியது எடை. முதல் தலைமுறை பெட்ரோல் 1,000 கிலோ பக்கம் இருந்தது. மூன்றாம் தலைமுறை பெட்ரோல் 900 கிலோவுக்கும் கீழே இறங்கியது. எந்தத் தலைமுறையை எடுத்தாலும் டீசல் வண்டி பெட்ரோலைவிட ஏறத்தாழ 100 கிலோ கனம்; அதில் பெரும்பகுதி முன் அச்சின் மேல்தான் உட்காருகிறது. பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், இந்தக் கூடுதல் கனத்தை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் டிஸ்க்கில் சூடாக மாறும். டிஸ்க் விஷயத்தில் அதிகம் செலவு வைப்பது, லோடும் ஆளுமாக மலை ஏறி இறங்கும் டீசல்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு ஸ்விஃப்ட்டில் டீசல் நின்றுவிட்டது. ஆகவே சந்தையில் கிடைக்கும் எந்த டீசல் ஸ்விஃப்ட்டும் இன்று அதற்கு முந்தைய வண்டி. அதன் லோயர் ஆர்ம் புஷ் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கையின் மூட்டிலுள்ள ரப்பர்), வீல் பேரிங் இரண்டையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அந்த புஷ் முக்கியம். புது வண்டியில் டிஸ்க்கின் கனம் (தடிமன்) இடத்துக்கு இடம் 0.02 மி.மீ. மாறியிருந்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. புஷ் ரப்பர் கிழிந்த பத்து வருஷ வண்டியில் அதே 0.02, ஸ்டீயரிங்கைக் கையோடு ஆட்டும். "2012 மாடலில் பிரேக் மோசம், 2019 மாடலில் பரவாயில்லை" என்று ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒப்பிடுவது புஷ்ஷின் வயதை.

ஆடுகிறது என்றதும் டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். எப்போது ஆடுகிறது என்பதே பாதி விடை. பிரேக் தொடாமலே 80-க்கு மேல் ஆடினால் வீல் பேலன்சிங் அல்லது டயர். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் ஆடி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட். 80 முதல் 110 வேகத்தில் மென்மையாக, நீளமாக பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் இடம் வலம் உதறினால் முன் டிஸ்க். 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர் போகும், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 சுற்று. முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் இயல்பாகவே சிலிர்த்துக்கொள்ளும் அதிர்வு இதை ஒட்டியே வருவதால், 50-இல் தெரியாத கோளாறு 100-இல் பெரிதாகத் தெரிகிறது. ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் துடித்தால் பின் டிரம்மைப் பார்க்க வேண்டும். ஆளில்லாத நேர்ச்சாலையில் 50 வேகத்தில், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெல்ல இழுத்தால் பின் பிரேக் மட்டும் பிடிக்கும். துடிப்பு அப்போதும் வந்தால் டிரம் வட்டம் இழந்திருக்கிறது. மழையிலும் வளைவிலும் இதைச் செய்யக் கூடாது.

இன்னும் இரண்டு போலிகள் உண்டு. ஒன்று ஏபிஎஸ், அதாவது பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. மூன்றாம் தலைமுறையிலிருந்து எல்லா வகையிலும் ஏபிஎஸ் வருகிறது. அதற்கு முந்தைய கீழ்நிலை வகைகளில் இல்லை. ஏபிஎஸ் இல்லாத வண்டியிலிருந்து மாறுபவர்கள், மணல் படிந்த சாலையில் பெடல் கடகடவென்று தட்டுவதைக் கோளாறு என்று எண்ணி ஒர்க்‌ஷாப்புக்குப் போவதுண்டு. அது அதன் வேலையைச் செய்கிறது. ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் நிற்கப்போகும் கடைசி 10 கி.மீ. வேகத்தில் ஏபிஎஸ் உறுமினால் வீல் சென்சார் பக்கம் துருவோ அழுக்கோ இருக்கும். இன்னொன்று 2024 மாடலின் மூன்று சிலிண்டர் என்ஜின். சிக்னலில் பிரேக் மிதித்து நிற்கும்போது உடலில் தெரியும் மெல்லிய நடுக்கம் என்ஜினுடையது. நியூட்ரல் போட்டு காலை எடுத்தாலும் அது இருக்கும்.

இனி டிஸ்க். "டிஸ்க் பெண்டு ஆகிவிட்டது" என்பது மெக்கானிக் வழக்கு. உண்மையில் டிஸ்க் வளைவது அபூர்வம். நடப்பது கனம் மாறுவது. ஹப் முகத்தில் துருப்பொருக்கு ஒட்டியிருக்க, அதன்மேல் புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து நிற்கும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் அந்தச் சாய்ந்த விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் பேடை (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டையை) ஒருமுறை உரசும். ஒரு கிலோமீட்டருக்கு 500-க்கு மேல் சுற்று, 8,000 கி.மீ. ஓடினால் 40 லட்சம் உரசல். அந்த இடம் மட்டும் தேய்ந்து கனம் குறையும். அதன்மேல் பேட் வரும்போதெல்லாம் பிடி தளர்ந்து இறுகும். அதுதான் கைக்கு வரும் உதறல். டிஸ்க் மாற்றிய அன்று வண்டி வெண்ணெய் மாதிரி நின்றதும், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் திரும்ப ஆடுவதும் இதனால்தான். "டூப்ளிகேட் டிஸ்க்" என்று பழியைக் கடைக்காரர் மேல் போடுவது சுலபம். ஹப்பை யாரும் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியது இது. சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பிராக்கெட்டில் உள்ள இரண்டு போல்ட்டையும் எடுத்து, காலிப்பரைக் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸின் உள்சுவர் கிழியும், பிறகு பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். டிஸ்க் துருவில் ஒட்டியிருந்தால் சுத்தியல் வேண்டாம்: டிஸ்க்கிலேயே இருக்கும் இரண்டு மரைத்துளையில் எம்8 போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் தானே கழன்றுவரும். ஹப் முகத்தையும், சக்கர நட்டு ஏறும் நான்கு ஸ்டட்டின் அடியையும் கம்பி பிரஷ், எமரித் தாள் கொண்டு பளபளப்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். ஸ்டட்டின் அடியில் வளையமாக நிற்கும் துருவை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்காற்று ஊர் வண்டிகளில் இது தடிமனாகவே இருக்கும்.

பிறகு காந்த ஸ்டாண்டில் டயல் கேஜ் (மயிரிழை அசைவையும் காட்டும் அளவி) வைத்து, ஹப் சுற்றும்போது எவ்வளவு சாய்ந்தாடுகிறது என்று அளக்க வேண்டும். 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் ஹப்போ பேரிங்கோ போயிருக்கிறது. மேலே எத்தனை டிஸ்க் போட்டாலும் வீண். முன் பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றாமல் அடித்து இறக்கியிருந்தால் இப்படி ஆகும். அடுத்து டிஸ்க்கை மாட்டி, வாஷர் வைத்து நான்கு நட்டையும் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, வெளிவிளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே கேஜ் முனையை வைத்துச் சுற்ற வேண்டும். எல்லை 0.10 மி.மீ.; 0.05-க்குள் வந்தால் நிம்மதி. அதிகமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஸ்டட் தள்ளி, அதாவது 90 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி அளக்கலாம். நான்கு நிலையில் எது குறைவோ அதில் விட வேண்டும். ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் நிலை ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். மைக்ரோமீட்டரில் டிஸ்க்கின் கனத்தை எட்டு இடத்தில் எடுத்தால் முழுப்படம் தெரியும்; வித்தியாசம் 0.015 தாண்டினால் உதறல் தொடங்கக்கூடும் என்று கொள்ளலாம்.

லேத் போடலாமா, அதாவது டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்தலாமா? டிஸ்க் விளிம்பில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். கடைந்தபின்னும் அதற்கு மேல் தாராளமாக மிச்சம் இருந்தால் ஒருமுறை போடலாம். ஆனால் லேத் பட்டறை சக்கில் நேராக ஓடும் டிஸ்க், துருப்பிடித்த ஹப்பில் நேராக ஓடாது. வண்டியிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் இருக்கும் இடமானால் அது மேல். இரண்டாம் முறை கடைவது வீண் செலவு. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் கெடும். மாற்றினால் இரு பக்கமும் பேடோடு சேர்த்து மாற்ற வேண்டும். புது டிஸ்க்கின் மேலுள்ள துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரில் துடைக்காமல் மாட்டினால் பேட் முதல் நாளே கெட்டது.

காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின்னை இந்த வேலையோடு பார்த்துவிட வேண்டும். ஸ்லைடு பின் இறுகினால் ஒருபக்கப் பேட் எந்நேரமும் தேய்த்துக்கொண்டே இருக்கும். உள்பேடும் வெளிப்பேடும் வெவ்வேறு கனத்தில் இருப்பது அதன் அடையாளம். பின்னுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் ரப்பரை ஊதவைத்து பின்னை இன்னும் இறுக்கும். இந்த உதறலுக்கு பிரேக் ஆயில் மாற்றச் சொன்னால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆயில் பழசானால் பெடல் பஞ்சாகும், உதறாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வேறு கணக்கு.

புதுப் பேடைப் பழக்காமல் விட்டாலும் உதறல் வரும். 60-இலிருந்து 10-க்கு மிதமாகப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிட ஓட்டம். பிறகு 80-இலிருந்து 20-க்குச் சற்று அழுத்தமாக ஐந்து முறை. முழுதாக நிறுத்தக் கூடாது. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும்.

மலைப்பாதை இதே பாடத்தைத் தலைகீழாக நடத்தும். கொல்லிமலையின் 70 வளைவையோ வால்பாறையின் 40 வளைவையோ பிரேக்கிலேயே இறங்கி, காரவள்ளியிலோ ஆழியாறிலோ பெடலை அழுத்தியபடி நின்றால், சூட்டில் பேட் பொருள் அந்த ஓரிடத்தில் டிஸ்க்கில் பதிந்து, அங்கே கனம் குறைவதற்குப் பதில் கூடிவிடும். 2018-க்குப் பிந்தைய ஏஎம்டி (கியரைத் தானே மாற்றும்) வண்டிகளில் இந்தத் தொல்லை கூடுதல்: 'டி'யில் விட்டால் கியர் மேலே ஏறி என்ஜின் பிடி குறையும், நிற்கும்போது ஊர்வதால் காலை எடுக்கவும் முடியாது. 'எம்'முக்கு மாற்றி இரண்டாம் கியரில் இறங்க வேண்டும். அடிவாரம் வந்ததும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி ஆறவைத்தபின் நிறுத்தலாம். சூடாக இருக்கும் பின்பக்க டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டுப் போவதும் டிரம்மை நீள்வட்டமாக்கும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். இறங்கிய கையோடு வாட்டர் வாஷ் கூடவே கூடாது.

இவ்வளவும் செய்தபின் காரியத்தைக் கெடுக்கும் இடம் பஞ்சர் கடை. ஏர் கன் நான்கு நட்டையும் நான்கு விதமாக இறுக்கும். டிஸ்க்கின் நடுப்பகுதி அதற்கேற்பக் கோணும். நட்டை இறுக்க வேண்டிய டார்க் அளவு மாடலைப் பொறுத்து மாறும், ஓனர் மேனுவலில் இருக்கும். இந்த ஸ்டட் அளவுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். கையால் முறுக்கி, எதிரெதிராக இரண்டு சுற்றில் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்ல வேண்டும். ரெஞ்ச் இல்லை என்றால் வண்டியோடு வரும் ஸ்பேனரால் கைபலத்தில் இறுக்கச் சொல்லி, ஏறி மிதிக்க விடாமல், 100 கி.மீ.க்குள் டார்க் ரெஞ்ச் உள்ள இடத்தில் நட்டைத் தளர்த்தி அளவோடு மறுபடி இறுக்கிக்கொள்ளலாம்.