காரில் கேமரன் மலை: கூகுள் மேப்ஸ் சொல்லும் நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

சிங்கப்பூரின் துவாஸிலிருந்து மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவுக்கு வழி கேட்டால், கூகுள் மேப்ஸ் ஏறத்தாழ 550 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம் என்று சொல்லும். காலை ஆறுக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாடு மலையில்தான் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் போடப்படும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். சாலை காட்டும் வேலைக்கு இந்தச் செயலிக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். பயணத் திட்டம் போட்டுத் தரும் வேலைக்கு இரண்டரையே அதிகம். மூன்று நாள், இரண்டு இரவு, பிள்ளைகளோடு கேமரன் மலை என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

அந்த ஆறரை மணி நேரம், கார் ஓடும் நேரம் மட்டும். கிளம்பும் தருணத்தில் பார்த்தால் சோதனைச்சாவடி வரிசை சிவப்புக் கோடாகத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பே உட்கார்ந்து திட்டம் போடுகிறவருக்கு அது தெரியாது. விடியற்காலை என்றால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை என்றால் மூன்று மணி நேரம்கூடப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள ஜொகூர் மாநிலத்திலும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று ஆகிவிட்டதால், வெள்ளி மாலையில் அந்தப் பக்கத்துக் கூட்டமும் நம்மோடு சேர்ந்துகொள்கிறது. வெள்ளி இரவு கிளம்பி நள்ளிரவில் மலையேறும் யோசனையே வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் துவாஸ் என்று வையுங்கள். சோதனைச்சாவடிகளுக்கு முக்கால் மணி. பாகோ ஓய்விடத்தில் பசியாற, ஆயர் குரோவிலோ சிரம்பானிலோ கை கால் நீட்ட, கோலாலம்பூரைத் தாண்டியதும் இன்னொரு முறை என மூன்று நிறுத்தங்களுக்கு ஒன்றரை மணி. கோலாலம்பூர் சுற்றுவட்டார நெரிசலுக்கு அரை மணி. மொத்தம் ஒன்பதேகால் மணி நேரம். போய்ச் சேர மதியம் இரண்டேகால். விடுதி அறை கிடைக்கும் நேரமும் அதுதான் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கே தேயிலைத் தோட்டமும் ஸ்ட்ராபெரி பண்ணையும் பார்ப்பது நடக்காது.

செயலியில் புறப்படும் இடம் போக ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம் என்று சொல்லத்தான் இடமில்லை. அதனால் ஐந்து நிறுத்தங்களைச் சேர்த்ததும் வரும் மொத்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. துவாஸ்–பாகோ, பாகோ–சிரம்பான் என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புறப்படும் நாளையும் மணியையும் கொடுத்துப் பாருங்கள். அப்போது ஒரே எண்ணாக இல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று வரும். கூடின எண்ணை எடுத்து, நிற்கும் நேரத்தைச் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான் உருப்படியான திட்டம். பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலாகச் சேமித்து மற்றவர்களோடு பகிரும் வசதி மட்டும் அருமை. யாருக்கு எங்கே போக ஆசை என்ற சண்டை வீட்டிலேயே முடிந்துவிடும்.

வழித் தேர்வில்தான் கவனம் வேண்டும். மலைக்கு இரண்டு பாதைகள். தாப்பாவில் விரைவுச்சாலையை விட்டு இறங்கினால் 59ஆம் எண் சாலை: லாத்தா இஸ்கண்டார் அருவி, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க வளைவுகள். இன்னும் வடக்கே போய்ச் சிம்பாங் பூலாயில் இறங்கினால் 185ஆம் எண் சாலை: அகலம் அதிகம், வளைவுகள் பெரியவை, கம்போங் ராஜாவில் கொண்டுபோய் விடும். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குச் செயலி தாப்பாவைத்தான் காட்டும். தூரம் குறைவு என்பது சரி, பின்னிருக்கையில் வாந்தி எடுக்கும் பிள்ளை அதன் கணக்கில் இல்லை. வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் சிம்பாங் பூலாய்தான் என் தேர்வு. ஆனால் விடுதி தானா ராத்தாவில் என்றால் கியா ஃபார்ம் சந்தையைத் தாண்டித்தான் வர வேண்டும். வார இறுதிப் பிற்பகலில் அந்த இடத்தில் கார்கள் ஊர்ந்துதான் போகும். எந்தப் பாதையானாலும் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள். தானியங்கி கியர் கார்கள் பலவற்றிலும் ‘எல்’ அல்லது ‘2’ இருக்கும். பிரேக் சூடாகிக் கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

கோலாலம்பூரிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நீலாயில் எலிட் விரைவுச்சாலைக்குத் திரும்பி, ஷா ஆலாம் வழியாகச் சுற்றி ரவாங் பக்கம் ஏறிவிட்டால் நகருக்குள் நுழையவே வேண்டாம். ஷா ஆலாமை இடையில் ஒரு நிறுத்தமாகப் போட்டால் செயலி அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும்.

வேஸ் என்ற இன்னொரு வழிகாட்டிச் செயலி எப்படி? விரைவுச்சாலையில் விபத்து, பள்ளம், காவல்துறை என்று உடனுக்குடன் சொல்வதில் அதுதான் கெட்டி. ஆனால் சில நிமிடம் மிச்சம் பிடிக்கச் செம்பனைத் தோட்டச் சாலையில் திருப்பிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கவும் முடியாது. மலைச்சாலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே தாப்பா வரை வேஸ், அதற்குமேல் வீட்டிலேயே இறக்கி வைத்த கூகுள் வரைபடம். இணைப்பு இல்லாதபோது நெரிசல் தெரியாது, வழி மட்டும் தெரியும், அது போதும்.

திறக்கும் நேரத்தைக் கூகுள் பெரும்பாலும் சரியாகவே காட்டும், பார்க்கிறவர்கள்தான் குறைவு. போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குத் திங்கட்கிழமை வழக்கமாக விடுமுறை. சனி முதல் திங்கள் வரை நீண்ட வார இறுதி என்றால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே அங்கே இருக்க வேண்டும். உள்ளே போகும் சாலை குறுகல். பத்தரைக்குமேல் எதிரெதிரே வரும் கார்கள் ஒதுங்க இடம் தேடி நிற்கும்.

எந்தச் செயலியும் நினைவூட்டாத சில விஷயங்கள் உண்டு. சிங்கப்பூர்க் கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும்; 1991 முதல் இதுதான் விதி. மலேசியாவில் நம் வண்டிக்கு ரான் 95 வகைப் பெட்ரோல் போடக் கூடாது, ரான் 97தான். சிற்றூர் நிலையங்களில் அது இல்லாமலும் போகலாம் என்பதால் தாப்பா நகரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. வாகன நுழைவு அனுமதி இல்லாத காருக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம். சாலைக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் 200 ரிங்கிட்டாவது இருக்கட்டும். விரைவுச்சாலையில் நுழையத் தட்டிய அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். இந்தியக் கடப்பிதழில் இருக்கும் நிரந்தரவாசிகள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்; சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா, மலேசியாவில் எதுவரை போகலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் இரண்டே நாள் என்றால் கேமரன் மலை வேண்டாம். ஆயர் ஹீத்தாமில் இறங்கிக் குளுவாங் போங்கள். எல்லையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆட்டுப் பண்ணை, இயற்கை விவசாயத் தோட்டம், ஏறிப் பார்க்க 510 மீட்டர் உயரக் குனோங் லம்பாக் என எல்லாம் கிடைக்கும். இந்தத் தூரத்துக்குச் செயலி சொல்லும் நேரமும் பெரிதாகத் தவறாது.

திரும்பும் நாளில் காலை ஏழுக்கே மலையிறங்கினாலும், துவாஸை நெருங்க மாலை நாலாகிவிடும்; நீண்ட வார இறுதியின் கடைசி நாளில் அதுதான் மோசமான நேரம். பாகோவில் நிறுத்தும்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டின் கேமரா படங்களையும் பாருங்கள். எந்தப் பக்கம் என்பதைச் செனாய்ப் பிரிவு வருவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். இரண்டுமே நிரம்பி நின்றால் குலாயில் இறங்கி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பத்து மணிக்குமேல் எல்லைக்குப் போகலாம்.