டெல்லி கிரைம், அன்பிலீவபிள்: பிழைத்தவர் பக்கம் எது நிற்கிறது?

2019ஆம் ஆண்டு ஆறு மாத இடைவெளியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இரண்டு போலீஸ் தொடர்கள் இவை. மார்ச்சில் ரிச்சி மேத்தாவின் ‘டெல்லி கிரைம்’ முதல் சீசன், ஏழு பகுதிகள். செப்டம்பரில் ‘அன்பிலீவபிள்’, எட்டு பகுதிகள். முன்னது 2012 டிசம்பர் 16 டெல்லி பேருந்துக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கு. பின்னது அமெரிக்காவில் 2008இல் வாஷிங்டன் மாநிலத்து லின்வுட்டில் பொய்ப் புகார் என்று மூடப்பட்டு, 2011இல் கொலராடோவில் உண்மை வெளிவந்த பாலியல் வன்கொடுமை வழக்கு. நடிப்பில் இரண்டுமே சளைத்தவை அல்ல. ‘டெல்லி கிரைம்’மில் ஷெஃபாலி ஷாவின் கண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆனால் இரண்டில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ‘அன்பிலீவபிள்’ பாருங்கள். காரணம் ஒன்றுதான்: வாக்குமூலம்.

முதல் பகுதியில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பதினெட்டு வயது மேரி நடந்ததை ரோந்துப் போலீஸிடம் சொல்கிறாள், துப்பறிவாளரிடம் சொல்கிறாள், மருத்துவமனையில் சொல்கிறாள், பிறகு காவல் நிலையத்தில் எழுதியும் கொடுக்கிறாள். சொல்லச் சொல்ல விவரங்கள் சற்றே முன்பின் மாறுகின்றன. அதிர்ச்சியில் நினைவு துண்டு துண்டாகத்தான் பதியும். எதிரே இருப்பவருக்கு அது பொய்யாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, வளர்ப்புத் தாய்க்கும் சந்தேகம் வருகிறது. கடைசியில் பொய்ப் புகார் வழக்கு அவள் மேலேயே பாய்கிறது.

இரண்டாம் பகுதியில் கேரன் டுவால் என்ற துப்பறிவாளர், பாதிக்கப்பட்ட இன்னொரு பெண்ணான ஆம்பரைச் சந்திக்கும் காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காருக்குள் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்கிறார். முகத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கும்போதும் அதே நிதானம். அவசரப்படுத்தாத கேள்விகளுக்கு ஆம்பரிடமிருந்து நுணுக்கமான விவரங்கள் வருகின்றன. கனிவும் புலனாய்வு உத்திதான் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய போலீஸ் தொடர் அரிது.

குற்றவுணர்ச்சி யார் தோளில் விழுகிறது என்பதிலும் இதுவே மேல். தன் மேல்தான் தவறோ என்று மேரி குமைகிறாள். மேரியை நம்பியிருந்தால் பின்னால் அதே ஆளிடம் சிக்கிய பெண்கள் தப்பியிருக்கலாம் என்ற பாரம் கடைசியில் போலீஸின் மேல் இறங்குகிறது. அது இறங்க வேண்டிய இடமும் அதுதான்.

‘டெல்லி கிரைம்’ வேறு வழியில் போகிறது. வன்முறையைத் திரையில் காட்டவில்லை. மருத்துவர் காயங்களை அடுக்கும்போதே நமக்கு வயிறு கலங்குகிறது. சிசிடிவியில் பேருந்தைத் தேடுவது, ஆள் பற்றாக்குறை, மேலிடத்து நெருக்கடி எல்லாம் துல்லியம். மருத்துவமனைப் பணியில் இருக்கும் பயிற்சி ஐபிஎஸ் அதிகாரி நீதி சிங் உள்ளுக்குள் உடைவதும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பேருந்திலிருந்து உயிரோடு மீண்ட நண்பனைத் தொடர் பெரும்பாலும் போலீஸின் சந்தேகக் கண்ணாலேயே பார்க்கிறது. தோழி இறந்தபின் தான் இருக்கிறோமே என்ற தவிப்புக்கு அங்கே இடமில்லை. மொத்தத் தொடரும் அதிகாரிகளின் பார்வையில் நகர்வதால் அது கதையின் தேவை என்று வாதிடலாம்தான். என்றாலும் எனக்கு அது பெரிய குறை.

பார்க்கும் விதம் பற்றி ஒன்று. ‘அன்பிலீவபிள்’ முதல் பகுதியில் தாக்குதல் நினைவுத் துணுக்குகளாக வரும், மனம் கனத்துப்போகும். அதோடு நிறுத்தாமல் இரண்டாம் பகுதியையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள்.