தறிச்சத்தத்துக்கு நடுவே ஒரு சவுண்ட் கார்டு: நான்கு ஆண்டு அனுபவம்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள் சூழ்ந்த தெருவில் எங்கள் வீடு. உடுக்கைப் பாட்டுக்காரரான பெரியப்பாவின் குரலைப் பதிவு செய்யவும், இரவில் பாட்டுக் கேட்கவும் சேர்த்து உதவும் சவுண்ட் கார்டை நான் தேடத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

கணினியின் மதர்போர்டிலேயே இருக்கும் ஒலி வசதி பாட்டுக் கேட்பதற்குத் தாராளமாகப் போதும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மைக் என்று வரும்போதுதான் சிக்கல். மதர்போர்டின் 3.5 மி.மீ. துளை ஹெட்செட் மைக்குகளுக்காக அமைந்தது. நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டன்சர் மைக் இயங்க, கேபிள் வழியே 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம் பவர்) வேண்டும்; அதை அந்தத் துளை தராது. அந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கை மாட்டினாலோ, குரலை உயர்த்த உயர்த்த 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறியது.

அடுத்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது கணினிக்கு வெளியே யூஎஸ்பியில் செருகும் சவுண்ட் கார்டை வாங்கினேன். கடைக்காரர் 192 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற கணக்கு) என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இன்றுவரை நான் 48-ஐத் தாண்டியதில்லை. நான் பார்த்திருக்க வேண்டியது மைக் ப்ரீஆம்பின் கெயின், அதாவது மைக்கின் சிக்னலைக் கார்டு எவ்வளவு பெருக்கும் என்பது. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் தரும் சிக்னல் மிகச் சிறியது என்பதால், பேச்சுக் குரலுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 டெசிபல் வரை கெயின் தேவைப்படுகிறது. முதலில் வாங்கிய கார்டில் குமிழைக் கடைசிவரை திருகியும் குரல் எட்டவில்லை. கண்டன்சர் மைக்கை இரவல் வாங்கிப் பார்த்தேன். குரல் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த தெருத் தறியும் அதே தெளிவோடு உள்ளே வந்துவிட்டது. ஆகவே டைனமிக் மைக்கையே வைத்துக்கொண்டு, கெயின் கூடுதலாக உள்ள வேறு கார்டுக்கு மாறி, மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாக அளந்து பதியும் 24 பிட் முறையின் அருமை உடுக்கையில் தெரிந்தது. பெரியப்பா தணிந்த குரலில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, சட்டென்று ஓர் அடி போடுவார். ஒலி எல்லை மீறிவிட்டதென்று கார்டின் விளக்கு சிவந்துவிடும். இப்போது உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலை (கார்டின் எல்லைக்கு 12 டெசிபல் கீழே) தாண்டாதபடி கெயினைக் குறைத்தே பதிகிறேன். பிறகு ஒலியைக் கூட்டினாலும் இரைச்சல் தலைகாட்டுவதில்லை.

நான் அதிகம் அலைந்தது மின் இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்காகத்தான். லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கேட்கும், பிடுங்கினால் நின்றுவிடும். பிளக்கின் மூன்றாவது பின்னை (எர்த்) வெட்டிவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார்; அது உயிரோடு விளையாடுவது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, சித்திரை வெயிலில் எர்த் குழி வறண்டு கிடந்தது. அதில் நீர் ஊற்றியும், எல்லாப் பிளக்குகளையும் ஒரே பலகையில் செருகியும், ஸ்பீக்கருக்கு, வழியில் புகும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிள் போட்டும் உறுமல் பெரும்பாலும் அடங்கியது.

கார்டு தனி அடாப்டர் கேட்காமல் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுவதை வாங்கும்போது நான் பொருட்படுத்தவில்லை. இப்போது பராமரிப்புக்காக மின்தடை அறிவித்தால் பெரியப்பாவுக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். அன்று தறிகள் நின்றிருக்கும்; லேப்டாப் பேட்டரியில் ஓடுவதால் மிச்ச உறுமலும் இருக்காது. மின்விசிறி இல்லாமல் வியர்த்தபடி இருவரும் உட்கார்ந்து பதிந்தவைதான் என்னிடம் உள்ளவற்றில் சுத்தமான பதிவுகள்.