விடுப்பு முடிந்த மறுநாள் குழந்தை எங்கே?

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு எந்த நாடு நல்லது என்ற பேச்சு வந்தாலே குழந்தை பிறந்தால் கிடைக்கும் விடுப்பு நாட்களைத்தான் எண்ணத் தொடங்குகிறோம். எனக்கோ முதலில் தோன்றுவது மேலே தலைப்பில் உள்ள கேள்விதான்.

அமெரிக்காவை இதில் சேர்ப்பதே வீண். அங்கே 1993-ல் வந்த விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். வேலை மட்டும் காத்திருக்கும்.

ஜெர்மனியில் தாய், தந்தை ஒவ்வொருவரும் 3 ஆண்டு வரை விடுப்பில் இருக்கலாம். அந்தக் காலத்தில் வேலையிலிருந்து நீக்குவது அநேகமாக முடியாது. ஆனால் முழு அளவு உதவித்தொகை இருவருக்கும் சேர்த்து 14 மாதம்தான். அப்புறம்? ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் பகல்நேரக் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்ட் முதல் உண்டு. உரிமை இருந்தது, இடம் இல்லை. லைப்சிக் நகரில் மூன்று தாய்மார், இடம் கிடைக்காததால் இழந்த சம்பளத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நகராட்சியின் மீது தவறு இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்று 2016-ல் தீர்ப்பு வந்தது. சரி, தீர்ப்பு வரும்வரை குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. கணக்குக்கு அழகுதான். ஆனால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு அந்தப் பணம் முழுவதும் நிறுவனத்தின் பையிலிருந்து போகிறது. கல்யாணமான இளம்பெண்ணை வேலைக்கு எடுக்க நிர்வாகம் யோசிப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? செலவை முதலாளி ஒருவர் தலையிலேயே கட்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கை 2000-லேயே சொல்லிவிட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்பதும் இதே திருத்தத்தில் வந்ததுதான். சிறிய இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அதனால் பயனில்லை.

விடுப்பையும் காப்பகத்தையும் ஒட்டித் தைத்தது சுவீடன். தாய், தந்தை இருவருக்கும் சேர்த்து மொத்தம் 480 நாள். பணம் தருவது அரசுக் காப்பீடு. இதில் தலா 90 நாளை மற்றவருக்கு மாற்ற முடியாது, அப்பா எடுக்காவிட்டால் போச்சு. 1974-லேயே தந்தைக்கும் விடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள், ஆண்கள் அதிகம் அசையவில்லை. 1995-ல் ஒரு மாதத்தை இப்படி ஒதுக்கிய பிறகே நிலைமை மாறியது. ஒரு வயதானதும் பாலர் பள்ளியில் இடம், கட்டணத்துக்கு 2002 முதல் உச்சவரம்பு. குழந்தைக்கு 8 வயதாகும்வரை வேலை நேரத்தில் கால்வாசியைக் குறைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. சம்பளமும் அதற்கேற்பக் குறையும். அங்கேயும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலும் அம்மாதான்.