ரூம் மேட்ச் என்று காசு கேட்கும் ரேண்டம் ஆட்கள்: நம்ம கடற்கரைப் பையன்கள் கவனத்துக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பி.ஜி.எம்.ஐ (போனில் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடும் பையன்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் குரூப்பிலும் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது, நேரம் மட்டும் நிறைய இருக்கும். அந்த நேரத்தில்தான் ஒருத்தன் எங்களுக்குள் நுழைந்தான்.

எங்கள் ஸ்குவாட்டில், அதாவது நாலு பேர் அணியில், நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கீழக்கரை மச்சான் துபாய்க்கு வேலைக்குப் போனதும் நாலாவது இடம் காலி, கேமே சேர்த்துவிடும் முன்பின் தெரியாத ரேண்டம் ஆள் யாராவது வருவார்கள், போவார்கள். அப்படி வந்தவன் இவன். நன்றாக ஆடினான், அதை மறுக்க மாட்டேன். அடிபட்டு விழுந்து நாக் ஆனவனைப் புகைக்குண்டு போட்டு வந்து தூக்கிவிடுவான், கிடைத்த துப்பாக்கி ஸ்கோப்பைக் கேட்காமலே கொடுப்பான். மைக்கில் மதுரைப் பேச்சு, எங்கள் எல்லாரையும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவான்.

அப்புறம் ரூம் மேட்ச் பேச்சு வந்தது, அதாவது ஐடி, பாஸ்வேர்டு வைத்து உள்ளே போகும் தனி ஆட்டம். அணிக்கு 400 ரூபாய், ஜெயித்தால் 5000. முதல் தடவை நாங்கள் ஜெயிக்கவில்லை, ஆனாலும் கில் கணக்கு, அதாவது வீழ்த்திய ஆட்களுக்கான காசு என்று சொல்லி 200 ரூபாயை உடனே ஜிபேயில் போட்டான். அந்த 200தான் தூண்டில் இரை. அடுத்ததுக்கு, "உங்க ஊரு டீமெல்லாம் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றான். தங்கச்சிமடத்துப் பையன்கள், தொண்டியில் இருக்கும் என் சித்தி மகன் என்று வரிசையாகக் காசு கட்டினார்கள். ராத்திரி 9 மணிக்கு ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் வரும் என்றான், வரவே இல்லை. பதிவு செய்ய என்று அவன் அனுப்பிய லிங்க் அச்சு அசல் பேஸ்புக் லாகின் பக்கம் மாதிரி இருந்தது. அதில் பாஸ்வேர்டு போட்ட எங்கள் பையனின் கேம் ஐடி விடிவதற்குள் போய்விட்டது. அதோடு விடவில்லை, அதே பேஸ்புக் கணக்கிலிருந்து எங்கள் பையனின் அக்காவிடமே "அவசரம், 3000 அனுப்பு" என்று இந்த ஏமாற்றுக்காரன் கேட்டிருக்கிறான். அக்கா போன் போட்டு விசாரித்ததால் அந்தக் காசு தப்பியது.

காசைத் திருப்பிக் கேட்டபோது அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்: "போலீசுக்குப் போனா காசு வச்சு ஆடுனதுக்கு நீங்கதான் உள்ள போவீங்க." பச்சைப் பொய். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தில் தண்டனை, நடத்துகிறவனுக்கும் விளம்பரம் செய்கிறவனுக்கும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து கொடுக்கிறவனுக்கும்தான், ஆடுகிறவனுக்கு இல்லை. இந்தப் பயத்தில்தான் நிறையப் பையன்கள் வீட்டில்கூடச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

கூட்டாளியோடு ஆடினாலும் சண்டை வரும். கேமில் வானத்திலிருந்து விழும் ஆயுதப் பெட்டியை (டிராப்) அள்ளிக்கொண்டு ஓடினான் என்றால் மறுநாள் படகுத்துறையில் வைத்துச் சட்டையைப் பிடிக்கலாம், காசு விஷயம் என்றால் நேராக அவன் அம்மாவிடம் போய் நிற்கலாம். இவனிடம் பிடிக்க என்ன இருக்கிறது? ஒரு பெயர், அதையும் கேமில் பெயர் மாற்றும் ரீநேம் கார்டு போட்டு மாற்றிவிட்டான். காசு போன யூபிஐ கணக்கோ வேறு யாரோ பெயரில். ரேண்டமோடு ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நல்ல பையன்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள். ஆட்டத்தைத் தாண்டி வாட்ஸப் எண், காசு, லிங்க் என்று பேச ஆரம்பித்தால் உடனே பிளாக் பண்ணுங்கள்.

ஏற்கனவே கட்டியவர்கள் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு. சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண் (யூடிஆர்), சாட் ஸ்கிரீன்ஷாட், கேமில் அவன் புரொபைலில் இருக்கும் எண் வடிவ ஐடி மூன்றும் வேண்டும். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம். தொண்டிப் பையன்கள் இன்னும் கொடுக்கவில்லை, தம்பிகளா, 400 ரூபாய்தானே என்று விடாமல் நீங்களும் தனியாகக் கொடுங்கள்.